டீயோடு வரும் மஞ்சள் மாத்திரை

நவம்பர் 14, திங்கள்

தூறல். வாடைக் காற்று. அச்சில் ஞாயிறு என்று போட்டிருக்கிறது. இது போன வருஷத்து டைரி. இறால் கொட்டகை மேஸ்திரி மிச்சமிருந்ததில் ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டார். தேதி சரி, கிழமையை அடித்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா.

மூக்கடைப்பு. தலை பாரம். லேசாக ஜுரம். வேலைக்குப் போனேன்.

செய்ய வேண்டியது: ஈர விறகை உள்ளே எடுத்துவைக்க. வீட்டுக்காரருடைய லுங்கி தைக்க. கருமாதிக்கு அம்மாவுக்குப் புடவை. என்ன நிறம் என்று யாரைக் கேட்பது?

நைனா போய் இரண்டாவது வாரம். போன சனிக்கு முந்தின சனி. அக்கரைக் குப்பத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். நாங்கள் படகு பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள்.

நான் அழவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எழுதினால் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. அழுகை வராததற்கு வருத்தமாவது வர வேண்டும். அதுவும் இல்லை.

மூன்று வாரமாகச் சளி விடவில்லை, கடையில் இன்றும் ஒரு செட் வாங்கிச் சாப்பிட்டேன். சளி, உடம்பு வலி என்றால் போதும், கடைக்காரர் வெள்ளை மாத்திரை ஒன்று சிவப்பு ஒன்று காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். எது எதற்கு என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அதற்குப் பேர் செட்.

நவம்பர் 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு. இறால் வரத்து அதிகம். முகத்துவாரம் திறந்ததிலிருந்து இப்படித்தான். ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து விரல் நுனி செத்துப்போகிறது.

காலை டீ வந்தது. டீயோடு மஞ்சள் மாத்திரை, ஆளுக்கு ஒன்று. இறால் உரிப்பவளுக்குக் கை அரிக்காமல் இருக்காது. சொறிந்துகொண்டே இருந்தால் வேலை ஓடுமா? அதனால் மேஸ்திரி டப்பாவோடு வந்து, கோயிலில் சுண்டல் கொடுப்பதுபோல் கையில் போட்டுக்கொண்டே போவார்.

பின்வரிசையில் ஒருத்தி: "மேஸ்திரி, எனுக்கு டீ வந்துச்சு, மாத்திரை வரலியே?"

மேஸ்திரி: "நேத்து ரெண்டு எடுத்துக்கினல்ல, அத்த கணக்குல வெச்சிக்கோ."

சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை என்று கன்னியம்மா அக்கா சொன்னாள். கன்னியம்மா (இனி க.) என் பக்கத்துப் பலகை. வாய் ஓயாது, கையும் ஓயாது.

க. சொன்னாள், என்னைப் பற்றி அக்கரையில் பேச்சாம். பெத்த அப்பன் பிணத்துக்கு முன்னால் மகள் தூங்கி வழிந்தாள் என்று. உண்மைதான். பொம்பளைகள் கட்டிப்பிடித்து மாரடித்துக்கொண்டிருந்தபோது நானும் நடுவில் இருந்தேன். அத்தை தோளில் தலை சாய்ந்தது. தூங்கிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

படகு ஏறும்போது அம்மா சொன்னது: "ஒரு சொட்டு தண்ணி வரலியேடி உன் கண்ணுல. அப்படி இன்னாடி பண்ணிட்டாரு உனுக்கு அந்த மனுசன்?"

அதற்குப் பிறகு பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது போகட்டும். அம்மா வாய் மூடிக்கொண்டதுதான்.

சாயந்திரம் இருமல். க. அவள் வீட்டுக்காரருடைய இருமல் மருந்தில் பாதி பாட்டில் கொடுத்தாள். இனிப்பாக இருக்கிறது. ஒரு மூடி.

நவம்பர் 16, புதன்

என்ன எழுத? சோறு, கருவாட்டுக் குழம்பு. தூக்கம். வாய் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அக்கரைக்குப் போய்வந்தார். நைனாவின் பாடு பற்றி ஊர்க்கூட்டம். ஏரியில் வலை போட ஆளாளுக்கு முறைநாள், அது தவறினால் மறுபடி சுற்றிவரும்வரை காத்திருக்க வேண்டும். நைனா காய்ச்சலில் கிடந்தாலும் தன் பாட்டை விட்டதில்லை. ஆண் பிள்ளை இல்லாத வீடு, இனி அந்த முறை யாருக்கு என்று பேச்சு. பெரியவர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். முறைக்குக் குலுக்கிப் போட்ட சீட்டு முடியும்வரை நைனா பேரிலேயே இருக்கட்டும், வலையைச் சித்தப்பா போடட்டும்.

"உனுக்கு சந்தோசம்தானே?" என்றார்.

"சரி" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வசந்தா, உனுக்கு இன்னா ஆச்சு? தர்காவாண்ட ஒருக்கா கூட்டிக்கினு போட்டுமா? மந்திரிச்சுக்கினு வந்துடலாம்."

நல்ல மனுஷர். கேட்டதில் தப்பில்லை. எனக்குப் பேய் பிடித்திருந்தால்கூட அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சின்ன வயதில் ஆட்டுக்குட்டி செத்ததற்கு நான் சோறு தின்னாமல் கிடந்திருக்கிறேன். நைனா தோளில் தூக்கிப்போய் ஏரியில் பூநாரைக் கூட்டம் காட்டினார். அதை நினைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு நைனா.

செட் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இருமல் மருந்து.

நவம்பர் 18, வெள்ளி

இன்று விழுந்தேன்.

படகிலிருந்து கொட்டகைக்குப் பலகை போட்டிருப்பார்கள். ஐஸ் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் நடந்தேன். நடந்தது நினைவிருக்கிறது. பிறகு தண்ணீர். இடுப்பளவுதான். ஆனால் நான் எழுந்திருக்கவில்லையாம். குப்புறக் கிடந்தேனாம். க. குதித்து முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள்.

"இந்தத் தண்ணியில கொழந்தகூட சாவாதுடி! எழுந்துக்கத் தெரியாதா உனுக்கு?"

எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. சாக வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதுதான் நிஜம். தண்ணீர் சில்லென்று கூட இல்லை.

முழங்காலுக்குக் கீழே கிளிஞ்சல் கிழித்துவிட்டது. க. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா ஊசி போட்டாள். கட்டு கட்டும்போது என் கண்ணை இழுத்துப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"இன்னா மாத்திரை சாப்பிடற?"

"செட்டுங்க. சளிக்கு."

"வேற?"

"இருமல் மருந்து ஒரு மூடி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

நாடி பிடிக்கக் கையை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். விரலெல்லாம் வெடிப்பு, தடிப்பு. "இறாலு உரிக்கறியா? இதுக்கு ஒண்ணும் சாப்பிடறதில்லையா?"

"அது மாத்திரை இல்லீங்க. அது டீயோட குடுக்கறது."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. க. வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் யாருமே அதை மருந்து என்று நினைத்ததில்லை. சர்க்கரை, பால், மாத்திரை. டீ என்றால் அப்படித்தான்.

அவரை வரவழைத்து, கடைக்கு அனுப்பி, சிவப்பு மாத்திரையின் முழு அட்டையையும் வீட்டிலிருந்து இருமல் மருந்துப் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னாள். கண்ணாடி போட்டு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு க.வைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று நினைத்தாளோ என்னவோ:

"ஒரே மீனைக் கரையில ஒரு பேர்ல, சந்தையில ஒரு பேர்ல விக்கறீங்க இல்ல? இதுவும் அதேதான். சிவப்புல இருக்கிற தூக்க மருந்தும், கொட்டகையில குடுக்கற மஞ்சளும், இந்தப் பாட்டில்ல இருக்கறதும் ஒரே ஜாதி. ஒண்ணு சாப்பிட்டாலே அசத்தும். இவ மூணையும் சேத்துக் கலந்து ஊத்திக்கினு கீறா."

நர்ஸம்மா சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்:

வெள்ளை ஜுரத்துக்கும் வலிக்கும். சிவப்பிலும் அதே ஜுர மருந்து உள்ளே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரட்டைப் பங்கு. அளவு மீறினால் ஈரல் கெடும். கெடுவது முதலில் வெளியே தெரியாதாம்.

சளி, அரிப்பு, இருமல். மூன்றுக்கும் தனித்தனியாக வாங்காதே. ஒன்றில் என்ன இருக்கிறது என்று கேட்ட பிறகு அடுத்தது.

தூக்கம் வரும் மாத்திரை போட்டுப் படகு ஏறாதே, கத்தி பிடிக்காதே. சாராயத்தோடு கூடவே கூடாது.

ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது. ஆறு ஆனால் நல்லது. வலி போகவில்லை என்று இன்னொன்று போடாதே.

பிரஷர் இருப்பவர்கள் மூக்கடைப்பு மாத்திரையைக் கேட்காமல் தொடக்கூடாது.

கடையில் துண்டாக வெட்டிக் கொடுத்தால் பேர் கேள். பேர் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதே. (அப்படியானால் நம் கடையில் எதையும் வாங்க முடியாது.)

கைக்கு: நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய். ரப்பர் உறை. அரிப்பு தாங்கவில்லை என்றால் மஞ்சள் மாத்திரை மட்டும், ஒன்று மட்டும், படுக்கும்போது. சளிக்கு ஆவி பிடித்தால் போதும்.

"இது வாயையும் மூக்கையும் காய வெச்சிடும். அத்தொட்டுதான் தண்ணி தண்ணின்னு குடிக்கற" என்றாள்.

"கண்ணும் காயுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் காயும். ஏன்?"

"சும்மா."

க. சும்மா இருப்பாளா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நைனா, சாவு, நான் தூங்கியது, அம்மா. நர்ஸம்மா பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "மருந்து நின்னா தூக்கம் போகும். மத்தது எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

நவம்பர் 19, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. வேலைக்குப் போகவில்லை. கால் வலி. வெள்ளை மட்டும் ஒன்று. ஆவி பிடித்தேன். மூக்கு திறந்துகொண்டு ஒழுகுகிறது. கை அரிப்பு நெருப்பாக இருக்கிறது. எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்.

அவருக்கும் தும்மல். சாயந்திரம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்தார். "அந்த சிவப்பு ஒண்ணு எடு."

"குடிச்சிருக்கீங்க. தர மாட்டேன்."

"ஒண்ணுதானே இன்னாமே?"

"காலையில ஏரிக்குப் போணும் இல்ல? நான் உழுந்தப்ப தூக்க கன்னியம்மா அக்கா இருந்தாங்க. உங்களுக்கு யாரு கீறாங்க?"

போய்ப் படுத்துவிட்டார். படுத்தபடியே, "வசந்தா, நீ இப்பதான் கொஞ்சம் சத்தமா பேசற" என்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, கடையில் வெள்ளை வாங்கித் தின்பவள். இந்த மழையில் சளியும் இருக்கும், செட்டும் வாங்குவாள். இரண்டையும் சேர்த்துத் தின்னாதே என்று படகுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் பதிலோடு வந்தார்: "அப்பனுக்கு அழத் தெரியாதவ எனுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாளான்னு கேட்டாங்க. நான் சொல்லலம்மா, அவங்க சொன்னது."

நவம்பர் 20, ஞாயிறு. கருமாதி

நல்ல வெயில். அக்கரை.

மாத்திரை எதுவும் சாப்பிடாமல் போனேன். வேண்டுமென்றேதான்.

சித்தப்பா மொட்டை அடித்துக்கொண்டு பிண்டம் வைத்தார். பிறகு அம்மாவை நடுவில் உட்காரவைத்து, பூ வைத்து, பொட்டு வைத்து, எல்லாவற்றையும் எடுத்தார்கள். வளையல் உடைகிற சத்தம் கேட்டது. சத்தம்தான் கேட்டது.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். நான் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தேன். பச்சை. யாராவது மிதித்துவிடுவார்களே என்று பொறுக்கினேன்.

பயமாக இருக்கிறது. இதுவரை எழுதியதில் இதுதான் நிஜமாகத் தோன்றுகிறது. அழுகை வராதது மாத்திரையால்தான் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை இல்லாமலும் வரவில்லை என்றால் அது நான்தான். கல்நெஞ்சுக்காரி என்று சொன்னார்களே, சரியாகத்தான் சொன்னார்கள்.

புடவை கொடுத்தேன். அம்மா வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். என் கையிலிருந்து வாங்கும்போது விரல் படாமல் வாங்கினாள்.

அவள் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். நினைத்தது சரி. வெள்ளை ஒரு குவியல், சிவப்பும் இருக்கிறது. "ரெண்டுலயும் ஒரே மருந்துமா. ஈரல் போயிடும். முட்டி வலிக்கு வெள்ளை போதும். சிவப்பு வேணாம்."

அம்மா கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "போறது போட்டும்."

சிவப்பை எல்லாம் எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். தடுக்கவில்லை. அதுவே பெரிசு.

நவம்பர் 21, திங்கள்

மூட்டம். வேலை. டீ வந்தது. மேஸ்திரி டப்பாவோடு வந்தார்.

"எனுக்கு வேணாம் மேஸ்திரி."

"டீயா?"

"மாத்திரை."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. க. தன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, "படுக்கச்சே துன்னுக்கறேன்" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். மேஸ்திரி முறைத்தார். அரித்தால் என்னிடம் வரக்கூடாது என்றார். உறை கேட்டோம். முதலாளியைக் கேட்க வேண்டுமாம். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருகிற முதலாளி.

பழைய துணியை விரலுக்குச் சுற்றிக்கொண்டு உரித்தேன். பாதி வேலைதான் ஓடியது. அரிப்பு தாங்கவில்லை. ஆனால் கண் நன்றாகத் தெரிகிறது. ஏரி இவ்வளவு வெளிச்சமாகவா இருந்தது?

பசித்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு.

நவம்பர் 22, செவ்வாய்

ஒன்றும் இல்லை. உப்பு வாங்க. டைரியைச் சோற்றுப் பையிலேயே வைத்துக்கொள்ள, வீட்டில் கூரை ஒழுகுகிறது.

நவம்பர் 23, புதன்

காலையில் வெயில். வரத்து நல்ல வரத்து.

படகுகள் வந்தன. கூடை தராசில் ஏறியதும் மேஸ்திரி யார் பாடு என்று கேட்டு உரக்கக் கூவுவார், எழுதுகிற பையனுக்குக் கேட்க வேண்டுமே. தினம் கேட்கிற சத்தம், காதில் ஏறுவதே இல்லை. நான் தலை குனிந்து உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏகாம்பரம் பாடு!"

நைனா பேர். திரும்பிப் பார்த்தேன். எப்போதும் திரும்புவேனே, அதேபோல். கூடையை இறக்கிவிட்டு லுங்கியைப் பிழிந்துகொண்டே என் பலகைப் பக்கம் வருவார். "துன்னியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் கேட்பார். துன்னேன் என்றால் போய்விடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து, அவர் பாடு வருகிற ஒவ்வொரு தடவையும்.

தராசுக்குப் பக்கத்தில் சித்தப்பா, மொட்டைத் தலையோடு. என்னைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் கூடையைச் சரிசெய்தார்.

முதலில் மூக்குதான் ஒழுகியது. சளி என்றுதான் நானே நினைத்தேன்.

"இன்னாடி, மறுபடியும் சளி புட்ச்சுக்கிச்சா?" என்றாள் க.

"இல்லக்கா. நைனா."

அப்புறம் நிற்கவில்லை. கை முழுக்க இறால் சாறு, துடைக்க முடியாது, துடைத்தால் கண் எரியும். வழிந்தது, விட்டுவிட்டேன். சத்தமும் வந்தது. எப்படிப்பட்ட சத்தம் என்று எனக்குத் தெரியாது, வெளியே ஐஸ் உடைப்பவர்கள் நிறுத்திவிட்டார்கள். க. என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் கையிலும் இறால்.

மாத்திரையா, நானா, இன்னும் தெரியாது. துன்னியா என்று கேட்க இனி ஆள் இல்லை. அது தெரிகிறது. நெஞ்சு வலிக்கிறது, நிஜமாகவே வலிக்கிறது.

சித்தப்பாவின் படகு அக்கரைக்குத் திரும்புகிறது. அதில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியாயிற்று. படகு விடுமுன் எழுதுகிறேன். க. குடத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கை கழுவினேன்.

முகம் கழுவவில்லை. அம்மா பார்க்கட்டும்.